நூர்நிஷா சொன்ன காணும்

கீழப்பட்டினத்தில் யாரும் ‘போதும்’ என்று சொல்வதில்லை. ‘காணும்’ என்பார்கள். சோறு போடுகிறவர் இன்னொரு கரண்டி எடுத்தால் தட்டின் மேல் கையை விரித்து, ‘காணும், காணும்’ என்று தடுப்பார்கள். சட்டைக்கு எடுத்த துணி குறைந்தால் அது ‘காணாது’. மீமிசலுக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற அறுபத்திரண்டு வீட்டு ஊர் அது. அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு பொருள் கிடையாது. அதையே புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னால், எதைத் தொலைத்தீர்கள் என்று நாலு பேர் கூடி விசாரிப்பார்கள். வெளியூரில் ‘காணோம்’ என்பதைத்தான் வாய்ச் சோம்பலில் ‘காணும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு கடற்கரையே கைவிட்டுப் போகப் பார்த்தது. அதற்குக் காரணம் தன் வாய்தான் என்று நூர்நிஷா இன்றைக்கும் சொல்வாள். சொல்லும்போது வருத்தம் தெரியாது. கொஞ்சம் பெருமைதான் தெரியும்.

நூர்நிஷாவுக்கு நாற்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, பேச்சு நிற்கவில்லை. ஊருக்குள் யார் புதிதாக வந்தாலும் நேரே அவள் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். வந்தவர் பசியோடு திரும்பமாட்டார், கேட்டது எதற்கும் பதில் கிடைக்காமலும் போகமாட்டார். அவள் கணவர் ராஜா முகமது சின்னப் படகில் நண்டு பிடிப்பவர். ஒரே மகள் மிஸ்பா கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்க்கொண்டுதான் இருந்தாள். காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டு விலக்குக்குப் போனால், அங்கே எந்த பஸ்ஸும் லேசில் நிற்காது. கையைக் காட்டிக் காட்டித் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள்.

போன வருஷம் மாசி மாதத்தில் அன்புமொழி என்ற பெண் ஒரு டேப்லெட்டோடு ஊருக்கு வந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. கடற்கரை ஊர்களின் நிலைமையைக் கணக்கெடுக்கும் வேலை. ஆண்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல அவளை நூர்நிஷா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நூர்நிஷா நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, கேள் தங்கச்சி என்று எதிரே உட்கார்ந்தாள்.

வருமானம் எப்படி என்று அன்புமொழி கேட்டாள். காணும் என்றாள் நூர்நிஷா. கடலில் நண்டு, மீன்? அதுவும் காணும். ஊரில் வேலை? காணும்மா. அன்புமொழி தலையை நிமிர்த்தாமல் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே வந்தாள். முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசிக் கேள்வி, மகிழ்ச்சி. அதைக் கேட்கும்போது அந்தப் பெண்ணின் குரலே தழுதழுத்தது. நூர்நிஷாவுக்கோ அந்தக் கேள்விதான் ரொம்பப் பிடித்திருந்தது. இதுவரை எந்த அதிகாரியும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

“காணும் தங்கச்சி. ரொம்பவே காணும். எங்கிட்டு வேணாலும் போய்க் கேளு, அறுபத்திரண்டு வீட்லயும் இதத்தான் சொல்லுவாங்க.”

அன்புமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், வீட்டு ஞாபகம் போலிருக்கிறது என்று நூர்நிஷா நினைத்து, நண்டுக் குழம்பும் சோறும் போட்டாள். தங்களிடம் இருப்பதில் கடைசி நண்டையும் தனக்குப் போடுகிறார்கள் என்று அன்புமொழி நினைத்து, இன்னும் கொஞ்சம் அழுதாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டுப் பிரிந்தார்கள்.

நூர்நிஷா சொன்னது ஒன்றும் வாய்ப்பேச்சு அல்ல. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடலில் நண்டு உண்மையிலேயே காணாமல் போயிருந்தது. ஒரு படகு ஐம்பது வலை விட்டால் பக்கத்துப் படகு அறுபது விடும். முட்டையோடு இருக்கிற சினை நண்டையும் விட்டுவைக்காமல் அள்ளினார்கள். கடைசியில் வலை வெறுமனே வந்தது, பாதி ஊர் சவூதிக்கும் துபாய்க்கும் விமானம் ஏறியது. தம்மாமில் ஏசி மெக்கானிக்காக நாலு வருஷம் இருந்துவிட்டு வந்த ராஜா முகமதுதான் ஜமாத்தில் பேச்சை எடுத்தார். படகுக்கு இருபது வலைக்கு மேல் கிடையாது, சினை நண்டு பிழைக்கும்படி உடனே கடலுக்குத் திரும்ப வேண்டும், வெள்ளிக்கிழமை ஒரு படகும் இறங்கக் கூடாது. இருபது என்ற எண்ணிக்கையை யாரும் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு காணும் என்று மூன்று வாரம் வாதாடி, சண்டை போட்டு, மறுபடி கூடி முடிவு செய்தார்கள்.

மீறுகிறவருக்கு அபராதம் கிடையாது. ஒரு வாரத்துக்குக் கரையில் எல்லாருக்கும் அவர்தான் டீ போட வேண்டும். முதலில் மாட்டியது ராஜா முகமதேதான். எண்ணுவதில் தவறி இருபத்தொன்றாவது வலையை விட்டுவிட்டதாக அவர் கட்சி. ஏழு நாள் அவர் போட்ட டீயைக் குடித்த பிறகு அந்த விதியை மீற ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவ்வளவு மோசமான டீ.

இப்போது காலை எட்டு மணிக்கெல்லாம் படகு நண்டோடு கரை சேர்ந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் எல்லாருக்கும் பொழுது இருக்கும். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஐம்பது வயது ஆட்கள்கூடக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாலிபால் ஆடுவார்கள். பெண்கள் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் விழுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட மறுபடி போகவில்லை. இதையெல்லாம் நினைத்துத்தான் நூர்நிஷா ‘ரொம்பவே’ என்ற சொல்லைச் சேர்த்திருந்தாள்.

ஆறு மாதம் கழித்து ஜமாத் மண்டபச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. படகு கிடக்கிற மணல் முழுவதும் புறம்போக்கு நிலம். அதில் இறால் பண்ணை அமைக்க ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள். காரணத்தையும் எழுதியிருந்தார்கள். கீழப்பட்டினம் வாழ்வாதாரம் அறவே காணப்படாத குடியிருப்பாம். ஊர்க்காரர்கள் அதை மூன்று தடவை படித்தார்கள். வேறு ஏதோ கீழப்பட்டினம் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

மிஸ்பா போனில் அந்த அறிக்கையைத் தேடி எடுத்தாள். நூர்நிஷா வலையில் அறுந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். வருமானம் இல்லை. மீன்வளம் இல்லை. வேலை இல்லை. தகவல் தந்தவர் நூர்நிஷா, வயது நாற்பத்தாறு. நூர்நிஷாவின் கை பின்னிய இடத்திலேயே நின்றது. நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றாள். மிஸ்பா கடைசி வரியையும் படித்தாள். மகிழ்ச்சி, அறவே இல்லை.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ரொம்பவே காணும். அந்தப் பெண் எதற்கு அழுதாள் என்பதும் விளங்கியது.

வருமானம் இல்லை என்று எழுதியதைக்கூட நூர்நிஷா பொறுத்திருப்பாள். தன் பெயரைப் போட்டு, சந்தோஷம் இல்லை என்று எழுதியிருந்ததுதான் அவளைச் சுட்டது. பதினோரு வருஷம் ஊர் கூடிக் காப்பாற்றியதை அவள் வாய் ஒரே மத்தியானத்தில் இல்லையாக்கிவிட்டது. கரை போனால் படகு எங்கே ஏறும்? பண்ணையின் கழிவுநீர் கடலில் இறங்கினால் நண்டு எங்கே தங்கும்? கூட்டத்தில் எழுந்து தப்பைச் சொல்லிவிட வேண்டும் என்று உடனே முடிவு செய்தாள். மகளிடமும் சொன்னாள்.

மிஸ்பா போனை அணைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “விடும்மா, எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும்” என்றாள்.

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. கம்பெனி மேனேஜர் பிரசாந்த் ஏற்கெனவே ஒரு நாள் கரையைப் பார்க்க வந்தபோது, ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்று மிஸ்பாவிடம் கேட்டிருந்தார். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வேலை. “ஒங்களுக்கெல்லாம் காணும்மா. எனக்கு? நான் படிச்சதுக்கு இங்க என்ன இருக்கு?” என்று கேட்டாள் மிஸ்பா. குரல் உயரவில்லை. அதனால்தான் நூர்நிஷாவுக்கு அதிகமாக வலித்தது. வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்துபோனாள். பேச்சுக்குப் பேர்போன நூர்நிஷா அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்கவில்லை என்பதை ராஜா முகமது பயத்தோடு கவனித்தார்.

கூட்டத்து நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் கோட்டாட்சியர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். டீ, சமோசாவெல்லாம் கம்பெனி செலவு. பரிமாறத் திருச்சியிலிருந்து ஆட்களையே கூட்டி வந்திருந்தார்கள்.

பிரசாந்தைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மரியாதையாகப் பேசினார். திரையில் படம் போட்டு, பண்ணை முதல் வருஷம் இவ்வளவு, மூன்றாம் வருஷம் இதைப்போல இரண்டு மடங்கு, ஐந்தாம் வருஷம் நாலு மடங்கு என்று மேலே ஏறுகிற கோட்டைக் காட்டினார். ஏணியைச் சுவரில் சாய்த்ததுபோல இருந்தது அது. ஜமாத் தலைவர் முகம்மது சுல்தான் ஆறு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்த பேச்சைப் பையிலிருந்து எடுப்பதற்குள் ராஜா முகமது எழுந்துவிட்டார்.

“தம்பி, இது எதுவரைக்கும் வளரும்?”

“அதுக்கு அளவெல்லாம் கெடையாதுங்க பாய். வளந்துகிட்டே இருக்கும்.”

“நண்டுகூட ஒரு அளவுக்கு மேல வளராதே தம்பி” என்றார் ராஜா முகமது. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையான சந்தேகத்தோடுதான் கேட்டார். ஊர் சிரித்தது. பிரசாந்தும் சிரித்துவிட்டார். ஆனால் கையிலிருந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டி, இந்த ஊரில் வளரவோ தேயவோ இப்போது எதுவுமே இல்லை, இவர்களே சொன்னதுதான் இது என்றார். சிரிப்பு அடங்கிப்போனது.

பெண்கள் பக்கத்திலிருந்து நூர்நிஷா எழுந்தாள். எழுவதற்கு முன் மிஸ்பாவைப் பார்த்தாள். மிஸ்பா பார்க்கவில்லை. நூர்நிஷா கோட்டாட்சியர் பக்கம் திரும்பினாள். அந்த நூர்நிஷா நான்தான், நான் சொன்னது காணும், எங்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம், இல்லை என்று யாரும் சொல்லவே இல்லை என்றாள்.

கோட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டம் என்று அறிவித்த பிறகு எந்த ஊரும் எந்த அர்த்தத்தையும் சொல்லலாமே, இதற்கு ஆதாரம் என்ன என்று பொறுமையாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். நூர்நிஷாவிடம் ஆதாரம் இல்லை. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். முன்வரிசைக்குக் கேத்தலோடு வந்துகொண்டிருந்த திருச்சிக்காரர் கண்ணில் பட்டார்.

“மேடம், ஒரே ஒரு நிமிஷம். அந்த டீ ஊத்துறவர மட்டும் பாருங்க.”

டீக்காரர் முகம்மது சுல்தானின் கப்பில் ஊற்றினார். தலைவருக்குச் சர்க்கரை நோய். மனமோ பேச்சைச் சொல்ல முடியாமல் போகிற கவலையில் இருந்தது. கப் பாதி நிறைந்ததும் பட்டென்று கையால் மூடி, “காணும், காணும்” என்றார். டீக்காரர் கேத்தலைக் கீழே வைத்தார். குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடினார். நிமிர்ந்து, “என்ன பாய் காணும், செல்லா?” என்று அக்கறையோடு கேட்டார்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. முகம்மது சுல்தான் மட்டும் ஒன்றும் புரியாமல் சட்டைப் பையைத் தடவி, செல் இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினார். கோட்டாட்சியர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நூர்நிஷாவுக்கு அந்த நிமிஷம் தன் ஊரைப் போல ஓர் ஊர் உலகத்திலேயே இல்லை என்று தோன்றியது. கண் கலங்கியது. அன்புமொழி பார்த்திருந்தால் மறுபடி தப்பாக எழுதிக்கொண்டிருப்பாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் கோட்டாட்சியர் அறிக்கையை மூடி ஓரமாக வைத்தார். மறுபடி கணக்கெடுக்காமல் இந்தக் கோப்பு ஓர் அடி நகராது என்று கிளார்க்கிடம் சொன்னார். பிறகு நூர்நிஷாவைப் பார்த்துக் கேட்டார். “எல்லாமே காணும்கிறீங்க. சரி. அப்ப ஒங்க ஊருக்கு எதுவுமே வேணாமா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். நூர்நிஷாவுக்கு அந்த ஆசையும் இருந்தது. ஆனால் வலை பின்னிய அந்த மத்தியானத்திலிருந்து மகளின் கேள்வி அவள் காதிலேயே இருந்தது. வருமானம் கேட்டார்கள், மீனைக் கேட்டார்கள், சந்தோஷத்தைக்கூடக் கேட்டார்கள். பஸ்ஸைப் பற்றி அந்த டேப்லெட்டில் கேள்வியே இல்லை.

“ஒண்ணு வேணுங்க மேடம். எங்க ஊருக்கு பஸ் காணோம்.”

கிளார்க் பேனாவோடு நிமிர்ந்தார். “இது எந்தக் காணும்மா? நல்லாச் சொல்லுங்க.”

“காணோம். கா, ணோ, ம். ‘ணோ’வுக்கு ரெண்டு பக்கமும் கொம்பு, கால் எல்லாம் போட்டு எழுதுங்க. எம்மக படிச்ச படிப்புக்கு அறந்தாங்கில வேல இருக்கு. அங்க போறதுக்குத்தான் வழி இல்ல. அவ படிப்ப விக்கிறதுக்காக நாங்க கடல விக்கணுமா? ஒரு பஸ்ஸு ஊருக்குள்ள வந்துட்டுப் போனா ஆகாதா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கோட்டாட்சியர் எத்தனை மணிக்கு பஸ் வேண்டும் என்று கேட்டார். நூர்நிஷா விழித்தாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மிஸ்பா எழுந்து நின்றாள்.

“காலைல ஏழே முக்கால், சாயங்காலம் ஆறு மணி. அது காணும் மேடம்.”

அம்மா சொல்லித் தராமல், யோசிக்காமல், மிஸ்பாவின் வாயில் அந்தச் சொல் வந்தது. நூர்நிஷா திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை மிஸ்பாவும் பார்த்தாள்.

கம்பெனி வேறு கரையைப் பார்க்கப் போய்விட்டதா, இல்லை இன்னும் காத்திருக்கிறதா என்று ஊருக்கு உறுதியாகத் தெரியாது. பிரசாந்த் போகும்போது ராஜா முகமதிடம் நண்டு வாங்கிக்கொண்டு போனார் என்பது தெரியும். பஸ் வந்துவிட்டது. முதல் நாள் அது கரை வரைக்கும் வந்து திரும்ப இடமில்லாமல் மணலில் மாட்டிக்கொண்டது. வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். மிஸ்பா அறந்தாங்கிப் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ந்தாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவள் போவதை நூர்நிஷா தினமும் வாசலில் நின்று பார்த்தாள், பஸ்ஸையே தான் பெற்றதுபோன்ற முகத்தோடு.

தை பிறந்ததும் ஒரு காலையில் அதே பஸ்ஸிலிருந்து அன்புமொழி இறங்கினாள். மறுபடி கணக்கெடுக்க அவளையே அனுப்பியிருந்தார்கள். நேரே நூர்நிஷா வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, என்னால்தான்க்கா எல்லாம் என்று தலைகுனிந்தாள். நூர்நிஷா உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். எங்களுக்காக அழுத முதல் அதிகாரி நீதானே, உன்னைக் கோபித்துக்கொள்ள முடியுமா என்றாள். இந்தத் தடவை அன்புமொழி ஒரே வீட்டோடு நிறுத்தவில்லை. அறுபத்திரண்டு வீட்டுக்கும் நடந்தாள், கரைக்குப் போய் வலையை எண்ணினாள், சினை நண்டு ஒன்றைத் தன் கையாலேயே கடலில் விட்டாள். மகிழ்ச்சி என்ற இடத்துக்கு வந்ததும் டேப்லெட்டை நூர்நிஷாவிடமே நீட்டினாள். நூர்நிஷா ஒற்றை விரலால், நிதானமாக, தேடித்தேடித் தட்டினாள். காணும். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, போதும் என்று அர்த்தம், நூர்நிஷா, எட்டாம் வகுப்பு என்றும் சேர்த்தாள்.

மத்தியானம் சாப்பாடு. நண்டுக் குழம்புதான். அன்புமொழி இரண்டு தடவை சோறு வாங்கிவிட்டாள். மூன்றாவது தடவை கரண்டி வந்தபோது, அந்த ஊரில் பிறந்தவள் மாதிரி தட்டின் மேல் கையை விரித்தாள்.

“காணும்க்கா, காணும்.”

நூர்நிஷா கரண்டியைப் பிடித்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“என்ன தங்கச்சி, காணோமா? அடப் பாவமே” என்று சொல்லி, விரல் இடுக்கு வழியாகவே இன்னொரு நண்டைத் தட்டில் போட்டாள்.